வட துருவக் கடலின் உப்புக் கணக்கு

ஒரு கிலோ கடல்நீரைக் காய்ச்சினால் அடியில் எவ்வளவு உப்பு தங்கும்? ஏறக்குறைய 35 கிராம். உலகின் எந்தப் பெருங்கடலில் மொண்டு பார்த்தாலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. வட துருவத்தின் ஆழ்கடலுக்குப் போனாலோ வித்தியாசம் இன்னும் சுருங்கிவிடும். அங்கே 34.90-ஆ 34.94-ஆ என்பதுதான் கேள்வியே!

இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு ஏன் கப்பல் கட்டிக்கொண்டு போக வேண்டும்? காரணம் இருக்கிறது. உப்பு கூடினால் தண்ணீர் கனக்கும். குளிர்ந்தாலும் கனக்கும். கனத்த தண்ணீர் கீழே இறங்கும், இலேசான தண்ணீர் மேலே நிற்கும். கடலின் ஆழத்தில் ஓடும் நீரோட்டங்களுக்கு அடிப்படையே இந்த எடை வித்தியாசம்தான். ஆகவே ஒரு கடலைப் புரிந்துகொள்ள ஆழம், வெப்பநிலை, உப்பு ஆகிய மூன்று எண்களும் வேண்டும். வட துருவக் கடலில் இந்த மூன்றையும் முதன்முதலில் தேடிப் போனவர் நார்வே நாட்டின் பிரிட்யோஃப் நான்சென். அவற்றில் இரண்டு எண்கள் அவருக்குப் பெரும் புகழைத் தந்தன. மூன்றாவது அவர் காலை வாரியது. அந்த மூன்றாவது எண்ணின் கதைதான் இது.

பனியில் சிக்குவதற்கென்றே ஒரு கப்பல்

1881-ல் ஜீனெட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டிகளுக்கு இடையில் நசுங்கி மூழ்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1884-ல், அந்தக் கப்பலைச் சேர்ந்த பொருட்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. இத்தனை தூரம் அவை எப்படி வந்தன? பனியோடு பனியாகத் துருவக் கடலைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நான்சென் முடிவுகட்டினார். பொருட்கள் வர முடியுமானால் கப்பலும் வரலாமே!

பனிக்கடலில் பழுத்த அனுபவம் உள்ள பலர் இதைத் தற்கொலை முயற்சி என்றே நினைத்தார்கள். நான்சென் அசரவில்லை. காலின் ஆர்ச்சர் என்ற கப்பல் கட்டுநரைக் கொண்டு ஃப்ராம் என்ற கப்பலைக் கட்டினார். நார்வே மொழியில் 'முன்னோக்கி' என்று பொருள். அதன் அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். பனி நெருக்கினால் கப்பல் நசுங்காமல் வழுக்கி மேலே ஏறிக்கொள்ளும். 1893 ஜூன் மாதம் 13 பேருடன் புறப்பட்ட ஃப்ராம், செப்டம்பரில் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் உறைந்தது. அடுத்த மூன்று ஆண்டுகள் பனி இழுத்த திசையில் மெல்ல நகர்ந்தது.

எட்டாத கயிறும் எதிர்பாராத வெப்பமும்

துருவக் கடல் ஆழமற்றது என்றே அக்காலத்தில் பலரும் நம்பினார்கள், நான்சென் உட்பட. அதனால் ஆழம் பார்க்கக் கொண்டுபோன கம்பி தரையைத் தொடவே இல்லை. கடைசியில் கப்பலின் எஃகு வடம் ஒன்றைப் பிரித்து, அதன் புரிகளைக் கொண்டு 4000 மீட்டருக்கு மேல் நீளமான புதிய கயிறு திரித்தார்கள், அதுவும் கடுங்குளிரில்! அப்போதுதான் உண்மை தெரிந்தது. கடல் 3000 மீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டிருந்தது.

அடுத்தது வெப்பநிலை. சாதாரண வெப்பமானியை ஆழத்தில் இறக்கி மேலே இழுத்தால், வரும் வழியிலேயே அதன் அளவு மாறிவிடும். இதற்கு லண்டனைச் சேர்ந்த நெக்ரெட்டி–ஸாம்ப்ரா நிறுவனம் 1874-ல் ஒரு வழி கண்டிருந்தது. அவர்களுடைய வெப்பமானியைக் குறிப்பிட்ட ஆழத்தில் தலைகீழாகக் கவிழ்த்தால் உள்ளே பாதரசத் தண்டு அறுந்துவிடும். அறுந்த பாதரசத்தின் நீளம் மாறாது என்பதால் மேலே கொண்டுவந்து நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

இப்படி அளந்ததில் ஓர் அதிசயம் வெளிப்பட்டது. மேல்மட்டத் தண்ணீர் சுழியத்துக்குக் கீழே ஒன்றரை டிகிரி போல இருந்தது. ஆனால் சுமார் 200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே வெப்பநிலை சுழியத்தைத் தாண்டி ஏறியது! சில நூறு மீட்டர் தடிமனுள்ள அந்தப் படலத்துக்கும் கீழே மறுபடி குளிர். இந்த இடைப்பட்ட தண்ணீர் அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வருவது. இளஞ்சூடாக இருந்தாலும் உப்பு அதிகம் என்பதால் அது கனத்து, சைபீரிய ஆறுகள் கலந்த இலேசான குளிர்நீருக்கு அடியில் புகுந்துவிடுகிறது. தன் பனியை உருக்கப் போதுமான வெப்பத்தை வட துருவக் கடல் தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது. அது மேலே வராமல் தடுத்து நிற்பது உப்பின் எடை வித்தியாசம்தான்.

காலை வாரிய மூன்றாவது எண்

உப்பை அளப்பதற்கு அன்று பெரிதும் நம்பியது தண்ணீரில் மிதக்கவிடும் அடர்த்திமானியை. பால்காரரிடம் பாலைச் சோதிப்பது போன்ற முறைதான் இதுவும். கை நடுங்கினாலும், தண்ணீரின் சூடு சற்று மாறினாலும் கணக்கு பிசகும். ஃப்ராம் கொண்டுவந்த ஆழ்நீர் அளவுகள் 35-க்கும் மேலே இருந்தன. பக்கத்து நார்வீஜியக் கடலின் ஆழ்நீரில் அவ்வளவு உப்பு இல்லை. அப்படியானால் இரண்டுக்கும் நடுவே, கிரீன்லாந்துக்கும் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கும் இடையில், கடலடியில் உயர்ந்த மேடு ஒன்று குறுக்கே நிற்க வேண்டும் என்று நான்சென் ஊகித்தார்.

1900-ல் தொடங்கி, மைக்கேல் சார்ஸ் என்ற ஆய்வுக்கப்பலில் பியோர்ன் ஹெலான்-ஹான்சனுடன் சேர்ந்து நார்வீஜியக் கடலை இன்னும் கூர்மையான முறைகளால் அளந்தார். ஆழ்நீரின் உப்பு இடத்துக்கு இடம் அநேகமாக மாறவே இல்லை. பழைய பயணங்களில் கண்ட ஏற்ற இறக்கங்களில் பெரும்பகுதி கடலுடையது அல்ல, கருவிகளுடையது என்பது புரிந்தது. தம்முடைய ஃப்ராம் அளவுகளும் அதிகப்படியானவை என்று நான்சென் பின்னர் ஏற்றுக்கொண்டார். உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த எண்களைத் தாமே தவறு என்று சொல்ல எவ்வளவு பேருக்கு மனம் வரும்?

எல்லோருக்கும் ஒரே படிக்கல்

நான்சென் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனிப் படிக்கல் வைத்திருந்தால் சந்தை என்ன ஆகும்? ஒவ்வொரு நாடும் தன் வழியில் கடலை அளந்துகொண்டிருந்ததால் கடலாய்வின் நிலையும் அதுதான். 1902-ல் சர்வதேசக் கடலாய்வுக் குழு அமைந்தபோது, கருவிகளையும் முறைகளையும் சோதிக்க கிறிஸ்டியானியா நகரில் (இன்றைய ஓஸ்லோ) ஒரு மத்திய ஆய்வகம் தொடங்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் நான்சென்.

டென்மார்க்கின் மார்ட்டின் க்னுட்சன் இன்னொரு வேலை செய்தார். உப்பின் அளவு துல்லியமாகத் தெரிந்த கடல்நீரைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து எல்லா நாடுகளுக்கும் அனுப்பினார். வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு தண்ணீரைச் சோதிப்பவர்கள் முதலில் இந்தத் தரநீரைச் சோதித்துத் தங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்சென் பெயர் தாங்கிய குப்பியும் அக்காலத்தில் உருவானதே. கம்பி வழியே ஒரு சிறு எடையை வழுக்கிவிட்டால் அது குப்பியைத் தட்டிக் கவிழ்க்கும். தண்ணீர் உள்ளே அடைபடும், கூடவே வெப்பமானியும் கவிழும். அந்த எடைக்குத் 'தூதுவன்' என்று பெயர்! அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் ஆய்வுக்கப்பல்கள் இதையே நம்பியிருந்தன.

இன்றைய கப்பல்களில்

இப்போது தண்ணீரின் மின்கடத்தும் திறன், வெப்பநிலை, ஆழம் ஆகியவற்றை ஒரே கருவி இறங்கும்போதே அளந்து கணினிக்கு அனுப்பிவிடுகிறது. ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் 2019 இலையுதிர்காலம் முதல் 2020 வரை, ஃப்ராம் போலவே பனியில் உறைந்து நகர்ந்தபடி இதைச் செய்தது. ஆனால் இன்றும் கருவியை மட்டும் நம்புவதில்லை. கூடவே குப்பிகளில் தண்ணீர் எடுத்துவந்து தரநீரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம்? நான்சென் கண்ட அந்த இளஞ்சூட்டுப் படலம் ஐரோப்பிய-ஆசியப் பக்கத்தில் இப்போது முன்னைவிடச் சூடாகி, சில இடங்களில் மேலே நெருங்கி, பனியை அடியிலிருந்து கரைக்கிறது. இதைத் துணிந்து சொல்ல முடிவது பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒரே தராசில் வைக்க முடிவதால்தான்.

கடைசியாக ஒரு வேடிக்கை. நூற்றாண்டின் பிற்பகுதியில் துல்லியமாக அளந்தபோது, துருவ ஆழ்நீரில் பக்கத்துக் கடலைவிட உப்பு உண்மையிலேயே சற்று அதிகம் என்று தெரிந்தது. ஆனால் இரண்டாவது தசம இடத்தில்தான்! கடலை முற்றிலும் அடைக்கும் மேடும் அங்கே இல்லை, சுமார் 2500 மீட்டர் ஆழமான வழிதான் இருக்கிறது. அதன் பெயர் ஃப்ராம் நீரிணை. விடை ஏறக்குறையச் சரியாக இருந்தாலும் வழிமுறை தவறென்றால் கணக்கு வாத்தியார் மதிப்பெண் போடமாட்டார். நான்சென் தம் விடைத்தாளைத் தாமே திருத்திக்கொண்டார். இன்று துருவக் கடலில் இறங்கும் ஒவ்வொரு குப்பியும் அந்தத் திருத்தத்தின் மிச்சம்தான்.