மாம்புரிக்கு வராத கோச்சி

மாம்புரியிலிருந்து கோச்சியில் கொழும்பு போக விரும்புகிறவர் முதலில் பஸ் ஏறிப் பாலாவிக்கு வரவேண்டும். கற்பிட்டிக் குடாநாட்டுக்குள் பயணிகள் புகையிரதம் வந்ததில்லை. நீராவி எஞ்சின் என்றால் நின்று பார்க்கிற பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. ஆகவே, ஏன் வரவில்லை என்ற கேள்வி என்னை நீண்டகாலம் தொந்தரவு செய்தது.

இலங்கையின் முதலாவது புகையிரதம் 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை, சுமார் 54 கிலோமீற்றர் ஓடியது. 1867இல் பாதை கண்டியைத் தொட்டது. கோப்பித் தோட்டக்காரரின் அவசரமே அதன் காரணம். பயணிகளின் வசதி பின்னால் வந்த விடயம். கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தபோதும் பாதை மலையை நோக்கியே ஏறியது. 1905இல் காங்கேசன்துறை, 1914இல் தலைமன்னார், 1924இல் பதுளை.

நமது கரைக்கோ நீர்கொழும்பு வரை 1909இலும், சிலாபம் வரை 1916இலும், புத்தளம் வரை 1926இலும்தான் தண்டவாளம் வந்தது. முதல் ஓட்டத்துக்குப் பின் 62 ஆண்டுகள்! உப்பும் கொப்பராவும் கருவாடும் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயிலும் களப்புகளிலும் தட்டையான அடியுள்ள படகுகளில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தன. மலிவான தண்ணீர்ப் பாதை இருக்கும்போது இரும்புப் பாதைக்கு யார் செலவழிப்பார்கள்? கோச்சி வந்தபின் படகுகள் குறைந்தன, கால்வாய் தூர்ந்தது.

நீராவி அபிமானிகளின் கண்ணால் பார்த்தால் நம் பாதை சற்றுச் சப்பையானதுதான். சமதரை, தென்னந்தோப்பு. மலைப்பாதையிலோ 44 அடிக்கு ஓரடி ஏற்றம். அதற்காகவே மன்செஸ்டரின் பேயர் பீக்கொக் நிறுவனத்திடமிருந்து காறட் எஞ்சின் 1927இல் வந்தது. ஒரே கொதிகலனுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு எஞ்சின் தொகுதிகள். அந்த அழகை நம் கரை வேண்டி நிற்கவில்லை.

1950களில் டீசல் எஞ்சின்கள் இறங்கின. கனடா தந்தவற்றுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. பொது முகாமையாளர் பி. டி. ரம்பாலாவின் காலத்திலேயே, 1969 அளவில், நீராவி அன்றாடச் சேவையிலிருந்து ஓய்ந்தது. ஆக, புத்தளம் பாதை நீராவியைக் கண்டது 43 ஆண்டுகள் மட்டுமே. எஞ்சியவற்றுட் சிலவற்றை 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட கடுகண்ணாவை அருங்காட்சியகத்தில் காணலாம்.

அதன்பின் நமது பாதையில் வந்தவை எவை? அருவாக்காட்டுச் சுண்ணாம்புக் கல் பாலாவிச் சீமெந்து ஆலைக்கு வந்தது. கொழும்பின் குப்பையையும் இதே தண்டவாளத்தில் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்து 2018இல் புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். மலைக்குத் தேயிலைக்காகப் பாதை போட்டவர்களும், கரைக்குக் குப்பைக்காக அதைப் பயன்படுத்த நினைத்தவர்களும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள் என்பது என் எண்ணம்.

நீராவி மட்டும் வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. மாம்புரிக்கு அருகே நுரைச்சோலையில், 2011இல் இயங்கத் தொடங்கிய அனல் மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாட். நிலக்கரி எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, நீராவி சுழலியைச் சுற்றுகிறது. சாம்பலைப் பற்றி அயலவர்கள் முறையிடுகிறார்கள். அந்த நிலக்கரியும் கோச்சியில் வருவதில்லை. கப்பலில் வந்து, கரைக்கப்பால் பாரப்படகுகளுக்கு மாறி இறங்குதுறையை அடைகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதுவும் நின்றுவிடும்.