ஸ்கோர் போர்டு நட்ட கதை

இப்பல்லாம் டவுன் மைதானத்துல இரும்புத் தூண் மேல எல்.இ.டி. போர்டு மின்னுது. எங்க பரவைப் பக்கம் நாங்க மொதமொதல்ல போர்டு நட்டது ஒரு சண்டையால.

1986 செப்டம்பர். சேப்பாக்கத்தில் இந்தியா, ஆஸ்திரேலியா டெஸ்ட். நம்ம ஆளுங்க ஜெயிக்க 348 வேணும். 347-ல கடைசி விக்கெட் போயிருச்சு. ஆட்டம் டை. டெஸ்ட் வரலாற்றில் அதுக்கு முன்னாடி ஒரே தடவை, 1960-ல பிரிஸ்பேன்லதான் அப்படி முடிஞ்சிருக்கு. நடுவுல எங்கயாச்சும் ஒத்த ரன்னைத் தப்பா எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு ரேடியோவைச் சுத்தி உக்காந்து பேசிக்கிட்டோம்.

அடுத்த பொங்கலுக்கு அது எங்களுக்கே நடந்துச்சு. கண்மாய்க்கரையில சடுகுடு. கணக்கு எங்க ஊர்ப் பையன் நோட்டுல. ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சோம்னு நாங்க, இல்லைன்னு அவங்க. சட்டை கிழிஞ்சுது. ரெண்டு ஊரும் ரெண்டு வருசம் பேசிக்கல.

மறுபடி ஆட்டம் வச்சப்போ ஒரு பெரியவர் சொன்னார்: "நோட்டை மூடி வைங்கடா. கணக்கை எல்லாரும் பாக்குற எடத்துல எழுதுங்க." பழைய கரும்பலகையை ரெண்டு சவுக்குக் கம்புல கட்டி ஆளுயரத்துக்கு மேல நட்டோம். குழி ஒன்றரை அடிதான். மறுநாள் காத்துல சாஞ்சிருச்சு. பலகைன்னா படகுப் பாய் மாதிரி. காத்து வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற பலம் நாலு மடங்காகும். அப்புறம் மூணடி தோண்டி, கல்லும் மண்ணும் போட்டுக் கடப்பாரையால இடிச்சு, பின்னால முட்டுக் கொடுத்தோம். நின்னுச்சு. இன்னைக்கு இரும்புத் தூணுக்குக் கான்கிரீட் போடுறதும் இதே காரணத்துக்குத்தான்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு மைதானத்துல 1911-ல வச்ச போர்டு இன்னும் இருக்கு. உள்ள ஆள் நின்னு கையாலதான் நம்பரை மாத்துறாங்க. மின்சாரப் போர்டுன்னா தப்பே வராதுன்னும் இல்ல. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ல 14 வயசு நாடியா கொமனேச்சி ஜிம்னாஸ்டிக்ஸ்ல பத்துக்குப் பத்து வாங்குச்சு. 10.00-ன்னு காட்ட அந்தப் போர்டுல எடமில்ல, 1.00-ன்னு காட்டுச்சு. கொஞ்ச நேரம் கூட்டம் முழிச்சுது. ஆனா எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்ததால என்ன நடந்துச்சுன்னு அங்கயே வெளங்கிருச்சு.

எங்க போர்டுலயும் தப்பு வந்துச்சு. சாக்பீஸ் பிடிச்ச பையன் ஒருக்கா எதிர் டீமுக்கு ஒரு பாயிண்ட் விட்டுட்டான். உடனே கூட்டம் கத்துச்சு, அழிச்சு எழுதினான், ஆட்டம் தொடர்ந்துச்சு. அன்னைக்கு நாங்க தோத்துட்டோம். ஆனா யார் சட்டையும் கிழியல. ரெண்டு ஊரும் ஒண்ணா உக்காந்து டீ குடிச்சோம்.

சந்தையில காய் போடும்போது எடை மெசினைத் திருப்பி வச்சா, "முகத்தை இங்கிட்டுத் திருப்புங்கண்ணே"ம்பேன். யாரையும் சந்தேகப்பட்டு இல்ல. அந்தக் கரும்பலகை கத்துக்கொடுத்த பழக்கம்.