பாவு ஒருவருடையது, தறி இன்னொருவருடையது

கோவையிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையில் இருக்கிறது அன்னூர். சோமனூர், அவிநாசி, பல்லடம் என்று பரந்து கிடக்கும் விசைத்தறி வட்டாரத்தின் வடபகுதி இது. இந்த வட்டாரத்தில் பெரும்பாலான தறிக்காரர்கள் துணி வியாபாரம் செய்வதில்லை. ஜவுளி உற்பத்தியாளர் என்று அழைக்கப்படுபவர் பாவு நூலும் (நீளவாக்கு இழை) ஊடை நூலும் (குறுக்கு இழை) கொடுப்பார். தறிக்காரர் தன் கொட்டகையில், தன் மின்சாரத்தில், தன் ஆட்களை வைத்து நெய்து, வெளுக்காத காடாத் துணியாகத் திருப்பித் தந்து கூலி வாங்கிக்கொள்வார். ‘உற்பத்தியாளர்’ என்ற பெயர் பெற்றவர்களில் பலரிடம் ஒரு தறிகூட இருக்காது என்பது வெளியூர்க்காரர்களுக்கு விசித்திரமாகப் படலாம். நூலும் துணியும் அவருடையவை, சந்தையும் அவர் கையில். இந்த ஏற்பாட்டின் மையம் அதுதான்.

இந்த முறை விசைத்தறியோடு பிறந்ததல்ல. கைத்தறிக் காலத்திலேயே நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்கும் மாஸ்டர் வீவர்கள் கொங்கு நாட்டில் இருந்தார்கள். ஐரோப்பாவிலும் ஆலைகள் எழுவதற்கு முன் வியாபாரிகள் குடிசைகளுக்கு நூல் அனுப்பித் துணி வாங்கினார்கள். அங்கே பிறகு வந்த ஆலை அந்த முறையை விழுங்கிவிட்டது. கோவையில் ஆலை முதலில் வந்தது. சிதறிய நெசவுக் கொட்டகைகள் அதன் பின்னால் பெருகின.

ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் கோவையில் நூற்பாலைக்கு அடிபோட்டார். 1910-இல் ஜி. குப்புசாமி நாயுடு லட்சுமி மில்ஸைத் தொடங்கினார். கம்போடியாப் பருத்தி கிணற்றுப் பாசன நிலங்களில் நன்றாக விளைந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரமும் வந்து சேர ஆலைகள் மளமளவென்று எழுந்தன. ஆனால் பம்பாய், அகமதாபாத் ஆலைகளைப் போல நூற்பு, நெசவு இரண்டையும் ஒரே வளாகத்தில் செய்தவை இங்கே குறைவு. கோவை ஆலைகள் பெரும்பாலும் நூலோடு நின்றுகொண்டன. அந்த நூலை நெய்ய வெளியே ஓர் இடம் காலியாக இருந்தது.

அந்த இடத்தை நிரப்பியதில் அரசின் கொள்கைக்குப் பெரும் பங்கு உண்டு. கைத்தறியைக் காப்பதற்காக 1950-களில் ஆலைகள் தறி எண்ணிக்கையைக் கூட்டத் தடை வந்தது. நான்கு தறி வரை வைத்திருப்பவருக்கு அக்காலத்தில் கலால் வரி விலக்கு இருந்தது. மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்தால்தான் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பாய்ந்தது. ஆகவே பெரிதாக ஒன்று கட்டுவதைவிடச் சிறிதாகப் பல வைப்பது லாபம் என்று ஆயிற்று. அப்பா பேரில் நான்கு, மகன் பேரில் நான்கு, மருமகள் பேரில் நான்கு என்று பிரித்துப் பதிவு செய்தவர்களும் உண்டு. கைத்தறியைக் காக்கப் போட்ட வேலி விசைத்தறியைத்தான் வளர்த்தது.

அன்னூர்ப் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இது ஆறு பாயாத மேட்டு நிலம். கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டியபோது, தோட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியவில்லை. இருக்கிற இடத்திலேயே கொட்டகை போட்டுப் பழைய தறிகளை வாங்கிப் பூட்டினால் மாதா மாதம் காசு வரும் என்ற கணக்கில் விவசாயக் குடும்பங்கள் தறிக்குள் வந்தன. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தின் தண்ணீர் 2024-இல்தான் இப்பகுதிக் குளங்களுக்கு வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை தறிச் சத்தத்தில் வளர்ந்துவிட்டது.

கொட்டகைக்குள் வேலை நடக்கும் விதத்தில் இந்த அமைப்பின் கணக்கு வழக்கு தெரியும். சைசிங் ஆலையில் கஞ்சி போட்ட பாவு, பீமில் சுற்றப்பட்டு வண்டியில் வந்து இறங்கும். பழைய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளோடு புதியதை ஒவ்வொன்றாகப் பிணைக்க ஆள் வருவார். ஊடை நூலைத் தாரில் சுற்றி நாடாவுக்குள் போட்டுத் தறி ஓட்டுவார்கள். துணி உற்பத்தியாளரின் குடோனுக்குப் போனதும் கொடுத்த நூலின் எடையும் வந்த துணியின் எடையும் சரிபார்க்கப்படும். இழை விட்ட இடத்துக்கும் எண்ணெய்க் கறைக்கும் பிடித்தம். கூலி, அங்குலத்துக்கு எத்தனை ஊடை இழை என்பதைப் பொறுத்துப் பைசாவில் பேசப்படுகிறது. மேற்பார்வையாளரோ வருகைப் பதிவேடோ இல்லாமலே தரமும் வேகமும் கட்டுக்குள் நிற்பதற்கு இந்தப் பிடித்தமும் பைசாக் கணக்கும் போதுமானவை. நிர்வாகவியல் மாணவர் படிக்க வேண்டிய ஏற்பாடு இது.

ஆனால் சுமை பகிரப்பட்ட விதத்தில் ஓரவஞ்சனை இருக்கிறது. நூல் விலை ஏறி இறங்கும் அபாயம் உற்பத்தியாளருக்கு, அது சிறியதல்ல. ஆனாலும் சந்தை மந்தமானால் அவர் பாவு விநியோகத்தைக் குறைத்துவிடலாம். தறிக்காரரால் எதையும் குறைக்க முடியாது. கடன் வட்டி, மின்கட்டணம், ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் ஓடாத தறிக்கும் உண்டு. மின்சாரச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றது: 2006-இல் இரு மாதங்களுக்கு 500 யூனிட் இலவசம், 2016-இல் 750, 2023-இல் 1,000. கூலியை ஏற்றும் அழுத்தத்தை இந்தச் சலுகை ஓரளவு தணித்தது என்றும் சொல்ல வேண்டும். அதன் பலன் யாருக்கு எவ்வளவு போனது என்பது வாதத்துக்குரியது.

மிச்சமெல்லாம் பேச்சுவார்த்தைதான். தறிக்காரர்களுக்குச் சங்கம், உற்பத்தியாளர்களுக்குச் சங்கம், நடுவில் ஆட்சியரும் அமைச்சர்களும். 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிரிந்தபோது அன்னூரும் சோமனூரும் கோவையில் நின்றன. அவிநாசியும் பல்லடமும் அந்தப் பக்கம் போயின. அதிலிருந்து ஒரே கூலிப் பிரச்சினைக்கு இரண்டு ஆட்சியர் அலுவலகங்களின் படி ஏற வேண்டியதாயிற்று. 2014-இல் போட்ட கூலி ஒப்பந்தத்தின்படி கூலி முழுதாகக் கைக்கு வரவில்லை என்பது தறிக்காரர்களின் நெடுநாள் புகார். 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் சோமனூர் ரகத்துக்கு 23, பல்லடம் ரகத்துக்கு 20 சதவீத உயர்வு அறிவிக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. பிப்ரவரியில் 19, 15 என்று இறங்கி உடன்பாடு ஆனது. 2025 மார்ச்சில் மீண்டும் வேலைநிறுத்தம். ஒரு மாதம் கழித்து 15, 10 சதவீதத்துக்கு முடிந்தது. இடையில் தறியைப் பழைய இரும்பு விலைக்கு எடை போட்டு விற்றுத் தொழிலை விட்டவர்களும் உண்டு.

இத்தனை ஒப்பந்தங்களிலும் தீராத சிக்கல் ஒன்று. குறைந்தபட்சக் கூலி பற்றிய சட்டம் தறி ஓட்டும் தொழிலாளியைப் பார்க்கிறது. தறி வைத்திருப்பவரை முதலாளி என்று கருதி விட்டுவிடுகிறது. ஆனால் சந்தை விலை அவர் கையில் இல்லை, நூலும் அவருடையதல்ல, அவருடைய வருமானத்துக்கும் கூலி என்றே பெயர். ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று 2025 வேலைநிறுத்தத்தில் தறிக்காரர்கள் கேட்டதற்குக் காரணம் இதுதான், அந்தக் கோரிக்கை நியாயமானது.