தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய சிறுவர் நாடகக் குழு. அக்காலப் பேச்சில் ஒரு 'பாய்ஸ் கம்பெனி'. பெரிய நடிகர்களின் ஒழுங்கீனத்தால் சலித்துப்போன சுவாமிகள், சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் தாமே சொல்லிக்கொடுத்தார்.

டி.கே. சண்முகம் ஆறு வயதில் இங்கே சேர்ந்தார். அவருக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை, பாடல்கள் உட்பட, சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததாகச் சொல்வார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசைக்கும் எட்டும் குரல் இருந்தால்தான் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேஷம். பருவ வயதில் குரல் உடையும் மகரக்கட்டு வந்தால் வேஷமே கைவிட்டுப் போகும். பி.யு. சின்னப்பாவும் இங்கே பழகியவர்தான்.



சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். சண்முகமும் அவருடைய சகோதரர்களும், அதாவது டி.கே.எஸ். சகோதரர்கள், 1925இல் சொந்தக் குழு கண்டனர், என்.எஸ். கிருஷ்ணன் அதில் வளர்ந்தவர்.