இருக்கை

'இரு' என்னும் வினையடியோடு 'கை' என்னும் தொழிற்பெயர் விகுதி சேர்ந்தது இருக்கை. வாழ்க்கை, செய்கை போல. பழந்தமிழில் உட்காரும் இடத்தையும் குடியிருப்பையும் குறித்தது. அரசன் அவையில் வீற்றிருப்பது நாளிருக்கை. சம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் பாடிய எழுகூற்றிருக்கை என்னும் செய்யுள் வகையின் பெயரிலும் இச்சொல் உண்டு.

பல்கலைக்கழக வழக்கில் இதன் பொருள் வேறு. ஒரு துறைக்கென்று நிதி ஒதுக்கி, அதில் தேர்ந்த அறிஞரை அமர்த்தும் பேராசிரியர் பதவியே இருக்கை. இது ஆங்கிலவழி வந்த பொருள். 'சேர்' (chair) என்னும் அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் 'கதெத்ரா' என்னும் கிரேக்கச் சொல். ஆசான் அமர்ந்து கற்பிக்கும் ஆசனம்.

அரசே பணம் கொடுத்து அறிஞரை அழைப்பது புதிதல்ல. எட்டாம் ஹென்றி 1540-இல் கேம்பிரிட்ஜில் ஆண்டுக்கு 40 பவுண்டு ஊதியத்தில் அரச இருக்கைகளை நிறுவினார். கனடா அரசு 2000-இல் தொடங்கிய திட்டத்தில் முதல்நிலை இருக்கை ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் கனடிய டாலர் வீதம் ஏழாண்டுகள் பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கும்.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்டது 60 லட்சம் அமெரிக்க டாலர். உலகத் தமிழர் கொடுத்ததோடு தமிழ்நாடு அரசும் 10 கோடி ரூபாய் தந்தது. இத்தகைய வைப்புநிதியில் முதலைத் தொடமாட்டார்கள். அதன் வருவாயே ஊதியமாகும். ஒருவர் ஓய்வுபெற்றால் இன்னொருவர் வருவார், பதவி நிற்கும். ஆண்டுதோறும் கையேந்தும் மானியத்தைவிட இதுவே மேல் என்பேன். ஹார்வர்டு தமிழ் இருக்கையில் முதலில் அமர்ந்தவர் சங்கக் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்த மார்த்தா ஆன் செல்பி.