சூரியனை அளந்த தகடு

கருவி சொல்லிவிட்டால் அதற்குமேற் கேள்வியில்லை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அளக்கும் கருவியை யார் அளப்பது என்ற கேள்வி, ஒரு காலத்தில் உலகத்து வழக்காகவே எழுந்தது.

ஊதா நிறத்துக்கு அப்பாலும் கதிர் உண்டென்பதை, வெள்ளிக் குளோரைட்டுக் கறுப்பதைக் கொண்டு 1801இல் ஜேர்மனியரான ரிட்டர் கண்டறிந்தார். ஆனால் அக்கழியூதாவின் குற்றலைப் பகுதியை ஓசோன் தடுத்துவிடுவதால், நிலத்தில் நின்று அதனை அளத்தல் இயலவில்லை. 1946 ஒக்டோபரில், அமெரிக்கர் கைப்பற்றிய வீ-2 றொக்கற்று ஒன்றே கருவியை ஓசோனுக்கு மேலே கொண்டுசென்று அப்பகுதியைப் படம்பிடித்தது. டோரா முகாமின் அடிமைக் கைதிகளை வருத்திச் செய்வித்த படைக்கலம் அது என்பதையும் மறத்தலாகாது.

றொக்கற்று நிமிடங்களில் விழுந்துவிடும். செய்மதியோ ஆண்டுக்கணக்கில் நோக்கும். 1978 ஒக்டோபரில் ஏவப்பட்ட நிம்பஸ்-7, சூரியனின் கழியூதாவையும், அக்கதிர் பூமியின் வளியிற் பட்டுத் திரும்புவதையும் அளந்தது. இரண்டின் விகிதத்திலிருந்து ஓசோனின் அளவு பெறப்பட்டது. சூரியனை நோக்குவதற்கு, ஒளியைச் சிதறச் செய்யும் அலுமினியத் தகடொன்று நீட்டப்பட்டது. எந்தக் கதிரை அளக்க நீட்டினார்களோ அந்தக் கதிரே தகட்டை மங்கச் செய்தது! தகடு மங்கினால் சூரியன் மங்கியதாகத் தோன்றும், விகிதம் உயரும், ஓசோன் உள்ளதிலும் குறைவாகக் கணக்கில் வரும். மங்குதல் அறியப்பட்டே இருந்தது. அதற்குச் செய்த திருத்தந்தான் போதவில்லை.

இது வெறும் ஆய்வுகூடத் தகராறன்று. ஓசோனை அழிக்கும் குளோரோபுளோரோகாபன் வாயுக்களை விற்றுப் பொருளீட்டியோருக்கு, பிழையான எண்ணொன்று கிடைப்பதைவிட வேறென்ன வேண்டும்? 1988 மார்ச்சில் வெளியான ஓசோன் போக்குக் குழுவின் முடிவு, செய்மதி இழப்பை மிகைப்படுத்தியதை ஒளிக்காமற் கூறியது. நிலத்து டொப்சன் கருவிகளோடு ஒப்பிட்டு, சூரியனின் பதினோராண்டு ஏற்றவிறக்கத்தையும் கழித்த பின்பு, வட அகலக்கோடு 30 முதல் 64 வரை, 1969க்கும் 1986க்கும் இடையில், 1.7 முதல் 3 சதவீத இழப்பு எஞ்சியது. சிறிய எண், ஆயினும் அசைக்கவொண்ணாதது. பெருங்குறைப்புக்கு விஞ்ஞானச் சான்றில்லை என்று அம்மாதத் தொடக்கத்தில் செனற்றர்களுக்கு எழுதிய டூபொண்ட் கம்பனி, மாதம் முடியுமுன் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது.

1991இல் வேறொரு செய்மதியிற் சென்ற சொல்ஸ்ரிஸ் என்னுங் கருவி, சூரியனை நோக்கிய அதே ஒளிவழியால் நீல விண்மீன்களையும் நோக்கியது. ஆயிரமாண்டிலும் அவற்றின் ஒளி மாறுவது மிகச் சொற்பம். ஆகவே விண்மீன்கள் மங்கித் தெரிந்தால், மங்கியது கருவியே.