பாக்தாத் பட்டும் லண்டன் பூனையும்

நெற்றியில் ஆங்கில ‘எம்’ எழுத்தைப் போல ஒரு கோடு, உடம்பெல்லாம் வரிவரியாக அல்லது சுழிசுழியாகப் பட்டை. இப்படிப்பட்ட பூனையை ஆங்கிலத்தில் ‘டேபி’ என்கிறார்கள். அது பூனை இனத்தின் பெயரல்ல, ரோமத்தின் அமைப்புக்குப் பெயர். நம் ஊர் ஓட்டுக்கூரைகளில் நடக்கும் வரிப்பூனையும் இந்தக் கணக்கில்தான் சேரும். பூனைக்கு வருவதற்கு முன் இந்தப் பெயர் ஒரு பட்டுக்கு இருந்தது. பட்டுக்கும் முன்னால் ஒரு பேட்டைக்கு.

கலீஃபா அல்-மன்சூர் 762-இல் அடித்தளமிட்ட பாக்தாதில், டைகிரிஸ் ஆற்றின் மேற்குக் கரையில், ‘அல்-அத்தாபிய்யா’ என்றொரு நெசவாளர் பேட்டை இருந்தது. குரைஷிகளில் உமையா கிளையைச் சேர்ந்த அத்தாப் என்பவரின் பெயரால் வந்தது. அங்கே நெய்த துணி ‘அத்தாபி’. காஞ்சிபுரத்தில் நெய்தது காஞ்சிப்பட்டு ஆனதுபோலத்தான். 1184-இல் பாக்தாதுக்கு வந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் இந்தப் பேட்டையைக் குறித்து வைத்திருக்கிறார்: பட்டும் பருத்தியும் கலந்து பல நிறங்களில் நெய்கிறார்கள் என்று. ஊரையும் ஊர்க்காரர்களின் கர்வத்தையும் வாய்விட்டுக் குறை சொன்ன மனிதர் அவர். துணியை மட்டும் குறை சொல்லவில்லை.

நல்ல சரக்குக்குப் போலி வராமல் இருக்குமா? முஸ்லிம் ஸ்பெயினின் அல்மேரியா துறைமுகத் தறிகளிலும் அத்தாபி நெய்தார்கள். பாக்தாத் நெசவாளருக்கு அதில் ஒரு காசும் போயிருக்காது, பெயர் மட்டும் போனது. அங்கிருந்து லத்தீனில் ‘அத்தாபி’, பழைய பிரெஞ்சில் ‘அதாபிஸ்’. பிறகு முன்னாலிருந்த ‘அ’ உதிர்ந்து ‘தாபி’ ஆயிற்று. 1258-இல் மங்கோலியர் பாக்தாதைச் சூறையாடினார்கள். பெயர் அதற்குள் ஊரைவிட்டுத் தூரம் வந்துவிட்டிருந்தது.

இங்கிலாந்துக்கு 17-ஆம் நூற்றாண்டில் வந்தபோது டேபி என்றால் பணக்கார உடுப்பு. லண்டன் கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ், பொன் சரிகை வைத்த டேபி மேலங்கி போட்டுக்கொண்டதை 1661 அக்டோபர் நாட்குறிப்பில் எழுதுகிறார். அசல் டேபி அல்ல, போலி என்றும் அவரே சொல்லிவிடுகிறார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே இந்த வெளிப்படைதான்.

துணியின் அழகு வரியில் மட்டும் இல்லை. வரப்பு வரப்பாக நெய்த பட்டை இரண்டாக மடித்து, ஈரம் காட்டி, கனமான உருளைகளுக்கு நடுவே அழுத்துவார்கள். இரண்டு மடிப்பின் வரப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாது. சில இடம் நசுங்கும், சில இடம் நிமிர்ந்தே நிற்கும். வெளிச்சம் ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு விதமாகத் தெறிக்க, துணி முழுக்க அலையலையாக ஓடும். இந்த அழுத்தும் வேலைக்கே ‘டேபி’ என்று ஒரு வினைச்சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. அந்த அலையைப் பார்த்தவர்களுக்குத்தான் அடுப்பங்கரைப் பூனையின் முதுகு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பூனைக்கும் அதே பெயர்.

1747-இல் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போலின் பூனை தங்கமீன் தொட்டியில் விழுந்து செத்தது. நண்பர் தாமஸ் கிரே அதற்கு இரங்கற்பா பாடி, டேபி வகைப் பூனை என்று அதைச் சிறப்பித்தார். பூனையின் பெயர் செலிமா. அதற்கும் வேர் அரபியிலேயே இருக்கிறது. இரண்டு அரபிப் பெயர்களைச் சுமந்த ஆங்கிலேயப் பூனை அது.

துணிச் சொற்களுக்கு இப்படி இடம் மாறும் புத்தி உண்டு. பாக்தாதின் இன்னொரு பட்டு இத்தாலிக்குப் போய் ‘பால்தக்கினோ’ என்று விதானத் துணிக்குப் பெயரானது. பிறகு அந்தப் பெயர் விதானத்துக்கே போயிற்று. ரோமில் புனித பேதுரு ஆலயத்தில் பெர்னினி நிறுத்திய பால்தக்கினோ வெண்கலம். அதில் நூலே கிடையாது.

டேபியில் நூல் இன்னும் இருக்கிறது, ஆனால் வேறு விதமாக. இன்றைய ஆங்கில நெசவாளர்கள் ‘டேபி’ என்று சொல்வது பட்டையுமல்ல, அலையுமல்ல. பாவு நூலின் மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று ஊடை போகும் வெறும் சாதா நெசவு. பழைய டேபிப் பட்டின் அடிப்படைக் கட்டு அதுதான் என்பதால் பெயர் அங்கே தங்கிவிட்டது. தறியில் புதிதாக உட்காருகிறவருக்கு முதலில் சொல்லித்தருவது அதைத்தான்.